பெட்டிக்குள் பிணம், பக்கத்தில் பெட்டி விளம்பரம்

2003ஆம் ஆண்டு. நியூயார்க் போஸ்ட் பத்திரிகையின் இணையத்தளத்தில் ஒரு கொலைச் செய்தி வந்தது. கொலையுண்டவரின் உடலைத் துண்டு துண்டாக்கி சூட்கேஸில் அடைத்திருந்தார்கள். அந்தச் செய்திக்குப் பக்கத்திலேயே கூகிள் கொடுத்த விளம்பரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. எதற்குத் தெரியுமா? பயணப் பெட்டிகளுக்கு!

யாரும் வேண்டுமென்றே செய்த வேலையல்ல. அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்து விளம்பரம் போட்ட மனிதர் என்று ஒருவரும் கிடையாது. செய்தியில் பெட்டி இருந்தது. பெட்டி விற்பவர் அந்தச் சொல்லுக்குப் பணம் தரத் தயாராக இருந்தார். நிரல் இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டது. கணக்குப்படி சரியான பொருத்தம்தான்.

இந்த வகை விளம்பரத்துக்கு 'சூழல்சார் விளம்பரம்' என்று பெயர். தேடுபொறி விளம்பரத்திலிருந்து பிறந்தது என்றாலும் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கூகிள் 2000த்தில் ஆட்வேர்ட்ஸ் ஆரம்பித்தபோது வேலை சுலபம். தேடல் பெட்டியில் 'சூட்கேஸ்' என்று தட்டுகிறவர் பெரும்பாலும் சூட்கேஸ் வாங்க வந்தவர், தன் தேவையைத் தானே சொல்லிவிடுகிறார். ஆனால் ஒரு கட்டுரையைப் படிக்கிறவர் எதையும் கேட்கவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பக்கத்திலுள்ள சொற்களை வைத்து ஊகிக்க வேண்டும்.

அந்த ஊகத்தைத் தொழிலாக்க முயன்றவர்கள் கால்டெக்கில் படித்த கில் எல்பாஸும் ஆடம் வைஸ்மனும். 1998ல் ஓயிங்கோ என்ற பெயரில் தொடங்கிய அவர்களது நிறுவனம் பிறகு அப்ளைடு சிமான்டிக்ஸ் ஆனது. சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்ப்பது என்பதுதான் அவர்கள் கொள்கை. 'ஜாவா' என்றால் தீவா, காபியா, கணினி மொழியா? சுற்றியிருக்கும் சொற்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். (நம் மொழியில் கேட்கவே வேண்டாம். 'திங்கள்' என்றால் நிலா, மாதம், கிழமை மூன்றும்தான். 'மாலை' கழுத்திலும் விழும், வானத்திலும் விழும்.)

2003 மார்ச்சில் கூகிள் தன் சொந்த முயற்சியாக இந்த விளம்பரங்களை வெளியிட்டது. அடுத்த மாதமே அப்ளைடு சிமான்டிக்ஸை சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. இதில் ஒரு சுவாரஸ்யம், 'ஆட்சென்ஸ்' என்ற பெயரே விலைக்கு வாங்கிய நிறுவனத்தின் சரக்குதான். ஜூன் 2003ல் சிறிய தளங்களும் தாங்களே சேர்ந்துகொள்ளும்படி அதைத் திறந்துவிட்டார்கள். 2004ல் கூகிளின் மொத்த வருமானம் சுமார் 319 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, சுமார் 155 கோடி, பிறர் தளங்களில் காட்டிய விளம்பரங்களிலிருந்து வந்தது (பிற தளங்களின் தேடல் விளம்பரங்களும் இதில் அடக்கம்).

சரி, பெட்டி விவகாரம் என்ன ஆயிற்று? இப்படிப்பட்ட துயரச் செய்திகளைக் கண்டால் விளம்பரத்தை விலக்கிக்கொள்ளும் வடிகட்டியை கூகிள் சேர்த்தது. பொருத்தமானது எதுவும் அகப்படாதபோது, காசு வராத பொதுநல விளம்பரங்கள் தோன்றின. ஒரு தளக்காரருக்கு இதைவிட எரிச்சலான காட்சி இருக்கவில்லை. இடம் போயிற்று, வருமானமும் பூஜ்யம்.

தளக்காரர்கள் கையிலும் ஒரு கருவி கொடுக்கப்பட்டது. பல பக்கங்களில் கட்டுரையை விட மெனு, இணைப்புப் பட்டியல், அடிக்குறிப்பு ஆகியவைதான் அதிகம் இருக்கும். நிரல் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, சமையல் குறிப்புப் பக்கத்தில் வெப்சைட் வடிவமைப்பு விளம்பரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். இதற்குத் தீர்வாக எச்.டி.எம்.எல். நிரலில் இரண்டு குறிப்புகள் வைக்கச் சொன்னார்கள்: முக்கியமான பகுதி இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது. தேவையில்லாத பகுதியைப் 'புறக்கணி' என்றும் குறிக்க முடிந்தது. உலாவியில் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. பரீட்சைப் பேப்பரில் முக்கிய வரிகளுக்கு அடிக்கோடு போட்டுக் கொடுப்பது மாதிரிதான். திருத்துபவர் அதை மதிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

விளம்பரதாரர் பக்கம்தான் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். பொருந்தாத பக்கத்தில் விழும் க்ளிக்குக்கும் அவர்தான் பணம் கட்டுகிறார். தேடலில் வரும் க்ளிக்குக்கும் ஏதோ ஒரு தளத்தில் தவறிப்போய் அழுத்திய க்ளிக்குக்கும் ஒரே விலை என்றால் எந்த வியாபாரி சும்மா இருப்பார்? 2004 ஏப்ரலில் கூகிள் 'ஸ்மார்ட் பிரைசிங்' கொண்டுவந்தது. அவர்கள் சொன்ன உதாரணம் தெளிவானது. கேமரா விளம்பரம், புகைப்படம் எடுப்பது எப்படி என்ற பக்கத்தில் வந்தால் க்ளிக்கின் விலை குறையலாம், கேமராக்களை மதிப்பிடும் பக்கத்தில் வந்தால் முழு விலை. அதாவது தவறான குறிக்குத் தள்ளுபடி! 2005ல் தேடலுக்கு ஒரு ஏல விலை, பிற தளங்களுக்கு வேறு விலை என்று பிரித்துக் கேட்கவும் வழி வந்தது. வடிகட்டிகளும் அடிக்கோடுகளும் சாதித்ததைவிட இந்த விலை மாற்றம் சாதித்தது அதிகம் என்றே தோன்றுகிறது. பிழையை ஒழிக்காமல், பிழைக்கு உரிய விலையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் தள்ளுபடி யார் பையிலிருந்து போயிற்று? தளக்காரரின் பையிலிருந்தும்தான். அவருடைய பங்கு 68 சதவீதம் என்பதையே கூகிள் 2010ல்தான் வெளியே சொன்னது.

இதற்கிடையில் 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. அதே நிரல் இப்போது அஞ்சலைப் படித்தது. எதிர்ப்பு கடுமையாகக் கிளம்பியது, கலிபோர்னியா செனட்டில் லிஸ் ஃபிகரோவா மசோதாவே கொண்டுவந்தார். இருந்தும் அஞ்சலைப் படித்து விளம்பரம் பொருத்துவதை நிறுத்துவதாக கூகிள் அறிவித்தது 2017ல்தான்.

2009 மார்ச்சில் திசையே மாறியது. பக்கத்தைப் படித்துப் படித்துத் தப்பாகப் போனால், படிக்கிற ஆளைப் படித்துவிட்டால் என்ன? குக்கி மூலம் அவர் எந்தெந்த வகைத் தளங்களுக்குப் போகிறார் என்று குறித்துக்கொண்டு, விருப்பத்துக்கேற்ற விளம்பரம் காட்ட ஆரம்பித்தார்கள். கொலைச் செய்தியைப் படிப்பவர் நேற்று செருப்பு பார்த்திருந்தால் இன்று செருப்பு விளம்பரம் வரும். பெட்டி வராது. ஆனால் அந்தச் செருப்பு அவர் போகுமிடமெல்லாம் பின்னாலேயே நடந்து வரும்! பழைய தவறு சிரிக்க வைத்தது, இது சிரிக்க வைக்கவில்லை.

தமிழுக்கு இந்தக் கதையில் இடம் மிகத் தாமதமாகவே கிடைத்தது. ஆட்சென்ஸ் ஆதரிக்கும் மொழிகளில் ஹிந்தி 2014 டிசம்பரில் சேர்ந்தது, தமிழ் 2018 பிப்ரவரியில். அதற்கு முன் தமிழ்ப் பக்கம் நடத்தியவருக்கு விதிப்படி பார்த்தால் தவறான விளம்பரம் என்ற தொல்லையே இல்லை. விளம்பரமே இல்லையே!

பெட்டிக்காக வந்த வடிகட்டி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. விளம்பரதாரர்கள் தாங்களே 'இந்தச் சொல் உள்ள பக்கத்தில் என் விளம்பரம் வேண்டாம்' என்று தடைப் பட்டியல் வைக்கத் தொடங்கினார்கள். கொலை, குண்டு, விபத்து என்று அந்தப் பட்டியல் நீண்டது. 2020ல் அதில் 'கொரோனா வைரஸ்' சேர்ந்தது. அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் பத்திரிகைத் தளங்களுக்கு வாசகர் கூட்டம் பெருகியது. எல்லோரும் தேடிப் படித்தது அந்தச் சொல் இருந்த செய்திகளைத்தான். அந்தப் பக்கங்களில்தான் விளம்பரம் விழாமல் நின்றது. மருத்துவமனை வாசலில் நின்று செய்தி சேகரித்தவரின் சம்பளத்துக்கு வழிசெய்ய வேண்டிய இடம் காலியாகக் கிடக்க, தடுப்பூசி பற்றிய விளக்கக் கட்டுரையையும் வதந்தியையும் அந்தப் பட்டியல் ஒரே மாதிரி ஒதுக்கியது. சொல் ஒன்றுதானே. பிரிட்டனில் பத்திரிகைகள் விளம்பரதாரர்களிடம் அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி பகிரங்கமாகவே வேண்டிக்கொண்டன.