பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சர் தேடுவோருக்கு

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெற்றோல் ராங்கியின் நிறத்தை. பிறகு எஞ்சினை உதைத்துச் சத்தத்தைக் கேட்பார். குனிந்து சைலன்சரின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பவர் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் வாங்கிய பின் முதலில் காசு கேட்பது பெரும்பாலும் சைலன்சர்தான்.

எங்கள் ஆட்களில் ஐம்பது வயதைத் தாண்டிய சிலர் இப்போது பிள்ளைகள் தலையெடுத்த பின், ஊரில் ஓடிய அதே மாதிரியைத் தேடி வாங்குகிறார்கள். நான் தொழிலால் கணக்காளன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் என்னிடம் வரவு செலவுக் கணக்கோடு வருகிறவர்களில் இரண்டு மூன்று பேர் சைலன்சர் பற்றுச்சீட்டையும் கொண்டுவந்து, "அண்ணை, இவ்வளவு காசு கொடுத்தது சரியோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஹொண்டா சீடி 200 பென்லியை வைத்துக்கொள்வோம். 194 சீசீ, இரண்டு சிலிண்டர், ஒரே காபரேற்றர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். 1980களின் முற்பகுதியில் பிரித்தானியாவிலும் விற்பனையான வண்டி. ஊரில் சீடி 200 என்றால் விளக்கம் தேவையில்லை.

சைலன்சர் ஏன் உக்குகிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். மழையும் குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பும் வெளியே இருந்து அரிக்கின்றன, உண்மைதான். ஆனால் பெரிய எதிரி உள்ளே இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. தூரப் பயணத்தில் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். பக்கத்துக் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து, புகையில் உள்ள அமிலத்தோடு கலந்து, அடியில் தேங்கி நிற்கும். வெளியே குறோம் பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே தகடு பப்படம் போல ஆகிவிடும். குளிர்காலத்தில் கராஜுக்குள் நிறுத்தி, வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினைப் போட்டு வைப்பது வண்டிக்கு நல்லது என்று நினைப்பவர்கள் பலர். சைலன்சருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பல பழைய சைலன்சர்களின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அது ஓட்டை அல்ல, தண்ணீர் வடிவதற்காகத் தயாரித்தவர்களே விட்டது. அதை அடைக்கக் கூடாது.

இனி, சந்தையில் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

முதலாவது, அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் பெட்டிக்குள் கிடந்த அசல். கிடைத்தால் அதிர்ஷ்டம், விலையும் அதற்கேற்ப இருக்கும். இங்கே ஏமாற்றும் நடக்கிறது. ஹொண்டாவின் பழைய சைலன்சர்களில் 'எச்.எம்.' என்ற எழுத்துகளோடு ஓர் இலக்கம் தகட்டில் அடிக்கப்பட்டிருக்கும். புகழ்பெற்ற 750 நான்கு சிலிண்டருக்கு எச்.எம். 300, எச்.எம். 341 என்று வந்தன. உதிரிப்பாக இலக்கத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் ஐந்து இலக்கமும் அது என்ன பாகம் என்பதையும், நடுவில் வரும் மூன்றும் எந்த மாதிரிக்கு உரியது என்பதையும் சொல்லும். விற்பவரிடம் அந்த அடையாளத்தின் படத்தைக் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பாவித்த அசல். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் எடுங்கள். விரல் மூட்டால் அடிப்பக்கத்தைத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், உக்கியது மொத்தென்று கேட்கும். குலுக்கும்போது உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. ரோச் லைட் அடித்து இரண்டு முனையாலும் பாருங்கள். "குறோம் மட்டும் போயிருக்கு, திருப்பிப் பூசினால் சரி" என்று விற்பவர் சொல்வார். பாவித்த சைலன்சருக்குள் இருக்கும் கரியும் எண்ணெயும் தங்கள் தொட்டியைக் கெடுத்துவிடும் என்று குறோம் பூசும் பட்டறைகள் பல அதைக் கையில் எடுப்பதே இல்லை. எனவே பூசலாம் என்ற நம்பிக்கையில் விலை பேசுவதற்கு முன், பூசித் தரும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள்.

மூன்றாவது, அசலைப் பார்த்துச் செய்த புதுப் பிரதி. பெரும்பாலானோர் வாங்குவது இதைத்தான். நல்லதும் உண்டு, தகர டப்பாவும் உண்டு. நிறுத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அசலைவிடப் பாதி நிறை என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். குறோமுக்குக் கீழே நிக்கல் பூச்சு தடிப்பாக இருக்க வேண்டும். அது மெல்லியதாக இருந்தால் முதல் குளிர்காலத்திலேயே ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு வரும்.

நான்காவது, ஸ்ரெயின்லஸ் ஸ்ரீலில் செய்வித்தது. குறோம் போல நீல மினுக்கம் இராது, சூட்டில் மெல்லிய பொன்னிறமாக மாறும். அழகு பார்ப்பவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உழைப்பில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. காந்தம் ஒட்டினால் போலி என்று சிலர் சொல்வது முழு உண்மை அல்ல. புகைக்குழாய்க்கென்றே செய்யப்படும் சில வகை ஸ்ரெயின்லஸ் காந்தத்தில் ஒட்டும். ஆனால் சமையல் பாத்திர வகை என்று சொல்லி விற்றதில் காந்தம் இறுக்கமாக ஒட்டினால், கேள்வி கேட்கலாம்.

ஐந்தாவது, எதற்கும் பொருந்தும் என்று விற்கப்படும் குழல். ஒலிபெருக்கி வடிவம், குறுகிய வடிவம் என்று பலவிதம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

சீடி 200இல் ஒவ்வொரு சைலன்சரும் 97 சீசீ சிலிண்டர் ஒன்றின் புகையைத்தான் வாங்குகிறது. 500 சீசீ ஒற்றைச் சிலிண்டருக்கு அளவாகச் செய்த குழலை அதில் மாட்டினால் சத்தம் அடங்காது. சத்தம் கூடினால் வலு கூடும் என்பது எங்கள் ஊர் இளைஞர்கள் தடுப்பைக் கழற்றி எறிந்த காலத்தில் இருந்தே தொடரும் நம்பிக்கை. நடப்பது வேறு. புகை வாயில் திறக்கும்போது ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடி, சைலன்சரில் பட்டு, எதிர் அலையாகத் திரும்பி வருகிறது. அது சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்தெடுத்து, புதுக் கலவை உள்ளே வர உதவும். குழாயின் நீளமும் விட்டமும் சைலன்சரின் உள்ளமைப்பும் அந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன. காபரேற்றரின் ஜெட் அளவும் அந்த அமைப்புக்கே கணக்குப் பார்த்துப் போடப்பட்டது. சைலன்சரை மட்டும் திறந்துவிட்டால் காற்று கூடி, பெற்றோல் அளவு குறைந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கும், முன்குழாய் நீலம் பாரிக்கும். நடு வேகத்தில் வண்டி தயங்கும். ஜெட்டை ஓரிரு அளவு பெரிதாக்கி, ஊசியைச் சற்று உயர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கூலியையும் குழலின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

பிளக்கின் நிறம் பார்ப்பதை எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்குக் கரி பிடித்த கறுப்பு நன்றாகப் பழக்கம். இங்கே தேட வேண்டியது வெளிர் மண்ணிறம்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்று. எங்கள் வீடுகளில் வயது போனவர்கள் இருக்கிறார்கள். இரவில் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகன் ஆசையாகப் போட்ட திறந்த குழல் சத்தத்துக்குத் தாய் ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். அவன் ஒன்றும் பேசாமல் அசல் மாதிரிச் சோடியை வாங்கிப் போட்டான். இரண்டு சிலிண்டர் சீரான இடைவெளியில் மாறி மாறி வெடிக்கும் இந்த எஞ்சினின் உண்மையான ஒலி மென்மையானது. அசல் சைலன்சரில்தான் அது கேட்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் நாற்பது வயதைத் தாண்டிய வண்டி, அடிப்படை மாற்றம் செய்யப்படாமல் இருந்தால், வருடாந்த எம்.ஓ.ரி. சோதனை கட்டாயமில்லை. சைலன்சர் மாற்றுவது அடிப்படை மாற்றம் ஆகாது. அதற்காக எதையும் மாட்டலாம் என்றும் இல்லை. சில குழல்களில் '1985க்கு முந்திய மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அடித்திருக்கும்; 1985 ஜனவரி முதலாம் திகதியிலோ அதற்குப் பின்னரோ முதலில் பாவனைக்கு வந்த வண்டியில் அது இருந்தால் சோதனையில் விழும். சீடி 200 இந்த எல்லைக்கு அண்மையில் நிற்கும் வண்டி என்பதால் பதிவுப் புத்தகத்தில் திகதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜேர்மனியில் முப்பது வயதான வண்டிக்குப் பழம்பெரும் வாகன இலக்கத்தகடு வேண்டுமென்றால் அசல் தோற்றம் முக்கியம். பொருந்தாத குழல் அந்த வாய்ப்பைக் கெடுக்கும். பிரான்சில் 2024 ஏப்ரலில் இருந்து மோட்டார் சைக்கிளுக்கும் தொழில்நுட்பச் சோதனை வந்துவிட்டது.

அளவெடுப்பதில் சோம்பல் கூடாது. முன்குழாயின் வெளி விட்டத்தை வேர்ணியரால் அளக்கலாம். அது இல்லையென்றால் ஒரு கடதாசித் துண்டைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, நீளத்தை 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 110 மில்லிமீற்றர் என்றால் விட்டம் 35. சைலன்சர் வாயின் உள் விட்டம் அதைவிட மயிரளவு கூட இருக்க வேண்டும். வாயிலிருந்து தாங்கும் போல்ட் துளை வரை உள்ள தூரம், அந்தத் துளை உள்ளே எவ்வளவு தள்ளி இருக்கிறது, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இடமும் வலமும் ஒன்றல்ல. பல ஹொண்டாக்களில் நடு ஸ்ராண்டைத் தூக்கும்போது அது வந்து தட்டி நிற்கும் றப்பர் இடது சைலன்சரில்தான் இருக்கும். பிரதியில் அது இல்லையென்றால் ஸ்ராண்ட் சங்கிலிப் பெட்டியில் அடிக்கும். பின்சில்லின் அச்சைச் சைலன்சரைக் கழற்றாமல் உருவ முடியுமா என்றும் பாருங்கள். வீதியோரத்தில் ரயர் காற்றுப் போன அன்றுதான் இதன் அருமை தெரியும்.

கணக்குக்கு வருவோம். கீழே உள்ளவை சந்தை விலை அல்ல, விளக்கத்துக்கான எண்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு குறோம் பிரதிச் சோடி 160 பவுண். அனுப்பும் செலவு 40. இரண்டையும் கூட்டி 20 வீதம் வற் வரி 40. மொத்தம் 240. பொருளின் பெறுமதி 135 பவுணைத் தாண்டுவதால் சுங்க வரியும் வரலாம், கொண்டுவந்து தரும் நிறுவனம் கையாளும் கட்டணமும் கேட்கும். அவற்றை விட்டுவிட்டாலும் நான்கு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 60 பவுண். உள்ளூரில் செய்வித்த ஸ்ரெயின்லஸ் சோடி 390 பவுண், பதினைந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 26. ஆனால் இரண்டு வருடத்தில் வண்டியை விற்கப்போகிறவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர் நல்ல பிரதியை வாங்கலாம், அல்லது அசலைத் தேடலாம். அசலில் போட்ட காசில் ஒரு பகுதி விற்பனை விலையில் திரும்பி வரும். வருடம் முழுக்க மழையிலும் ஓடுகிறவருக்கு ஸ்ரெயின்லஸைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் பிழைத்தால் செலவு பெரிது. சிலிண்டர் தலையில் முன்குழாயைப் பிடிக்கும் நட்டுகள் நாற்பது வருடச் சூட்டில் இறுகியிருக்கும். தலை அலுமினியம். புரியாணி முறிந்தால் சைலன்சர் விலையைவிடக் கூலி கூடிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு முன்பே ஊடுருவும் எண்ணெய் விட்டு, எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது நட்டை முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுங்கள். பழைய செப்பு வளையம் உள்ளே ஒட்டிக்கொண்டு தலையின் ஒரு பகுதி போலவே தெரியும். அதைக் கிளறி எடுத்துவிட்டுப் புது வளையம் போட வேண்டும். அங்கே காற்றுப் புகுந்தால் திறொட்டிலை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும். பலர் அதைக் காபரேற்றர் கோளாறு என்று நினைத்து அலைகிறார்கள்.

எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே மாட்டுங்கள். தலைப்பக்க நட்டுகளைச் சமமாக இறுக்கி, பிறகு தாங்கும் போல்ட், கடைசியாக இணைப்புப் பட்டி. துளை நேராக வராவிட்டால் நெம்பி இழுக்காமல் வாசர் வைத்து இடைவெளியை நிரப்புங்கள். இழுவிசையோடு இறுக்கிய குழாய் அதிர்வில் வெடிக்கும். முதல் முறை எஞ்சினைப் போடுவதற்கு முன் குறோமில் உள்ள கைரேகைகளைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் அப்படியே பதிந்துவிடும். ஒரு முறை நன்றாகச் சூடேறி ஆறிய பின் எல்லா நட்டுகளையும் திருப்பி இறுக்குங்கள்.

கழற்றிய பழைய சோடியை எறிய வேண்டாம். அதிலுள்ள தாங்கிகளும் பட்டியும் றப்பரும் இன்று தனியாகக் கிடைப்பது கடினம். பிறகு எப்போதாவது ஸ்ரெயின்லஸில் செய்விக்கப் போனால், பட்டறைக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான்.