தகவமைவுத் தேர்வில் துல்லியம்: திட்டப்பிழை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

அமெரிக்காவில் செவிலியர் உரிமத்திற்கான என்கிளெக்ஸ் தேர்வு 1994 முதல் கணினிவழித் தகவமைவு முறையில் நடக்கிறது. ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கணினி தேர்வரின் திறனை மறுமதிப்பீடு செய்து, அதற்கேற்ற கடினநிலையில் அடுத்த வினாவைத் தருகிறது. ஒருவருக்கு 85 வினாக்களில் தேர்வு முடியலாம். வேறொருவருக்கு 150 வரை நீளலாம். இதைப் பாகுபாடு என்பவர்கள், எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் தந்தால் அளவீடும் சமமாகிவிடும் என்று கருதுகிறார்கள். அது சமமாவதில்லை. தேர்வரின் திறனையும் வினாவின் கடினநிலையையும் மட்டும் கொண்டு விடையின் நிகழ்தகவைக் கணிக்கும் ராஷ் மாதிரியில் ஒரு வினா தரும் தகவல் என்பது, அதற்குச் சரியாக விடையளிக்கும் நிகழ்தகவையும் தவறாக விடையளிக்கும் நிகழ்தகவையும் பெருக்கினால் வருவது. இரண்டும் சரிபாதியானால் அது 0.25. பத்தில் ஒன்பது பங்கு சரியாக எழுதிவிடக்கூடிய எளிய வினா என்றால் 0.09தான். தகவல்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் கண்டு, அதன் தலைகீழியை எடுத்தால், திறன் மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் திட்டப்பிழை கிடைக்கும். ஆகவே திறனுக்குப் பொருந்திய 100 வினாக்களில் பிழை 0.2 லாஜிட் (இம்மாதிரியில் திறனை அளக்கும் அலகு), அதே தேர்வருக்கு மிக எளிதான 100 வினாக்களில் 0.33. பொதுவான வினாத்தாள் நடுத்தரத் திறனாளரை நுட்பமாகவும் இரு கோடியில் நிற்பவர்களை மங்கலாகவும் அளக்கிறது. தேர்வு முழுமைக்கும் ஒரே நம்பகத்தன்மைக் கெழுவை வெளியிடுவது இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஆனால் கணினி அறிவிக்கும் திட்டப்பிழையை அப்படியே நம்பிவிடலாமா? இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. அந்த எண், வினாக்களின் கடினநிலையும், திறன் மிக்கவரையும் குறைந்தவரையும் அவை பிரித்துக்காட்டும் வேறுபடுத்தும் திறனும் ஐயமற அறியப்பட்டவை என்று வைத்துக்கொண்டு கணக்கிடப்படுகிறது. அவையோ முன்னோட்டத் தேர்வுகளிலிருந்து பெற்ற மதிப்பீடுகள். வேறுபடுத்தும் திறனையும் கணக்கில் கொள்ளும் மாதிரிகளில், மிகுந்த தகவல் தரும் வினாவையே தேடும் நிரல், தற்செயலாக மிகைமதிப்பீடு பெற்றவற்றை அடிக்கடி பொறுக்கியெடுக்கிறது. அதனால் உள்ளதைவிடக் கூடிய துல்லியம் தாளில் தெரிகிறது.

வினாக் கசிவு இதைவிடக் கொடியது. 1994இல் கப்லான் பயிற்சி நிறுவனத்தார் பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான கணினிவழி ஜி.ஆர்.ஈ. தேர்வை எழுதி, நினைவில் கொண்டுவந்த வினாக்களைத் தேர்வு நடத்தும் அமைப்பிடமே ஒப்படைத்தார்கள். நிரல் ஒரே சிறந்த வினாக்களைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது வினா வங்கி எவ்வளவு விரைவில் வெளிப்பட்டுவிடும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. கசிந்த வினாவுக்கு வரும் சரியான விடை திறனைக் காட்டுவதில்லை. ஆயினும் திட்டப்பிழை அப்படியே சிறியதாக நிற்கும். பிழையான மதிப்பெண் நுட்பமாக அளக்கப்பட்டதாகத் தோன்றும்.

இதற்கு மாற்றாக, வினாக்கள் வெளிப்படும் வீதத்துக்கு வரம்பு வைக்கலாம். அல்லது 2011இல் ஜி.ஆர்.ஈ. செய்ததுபோல் தகவமைவை வினாவுக்கு வினா என்றில்லாமல் பகுதிக்குப் பகுதி என மாற்றலாம். இவை திறமையான அளவீட்டை வீணாக்குகின்றன என்பது வலுவான மறுப்பே. ஒவ்வொரு கட்டுப்பாடும் தகவலைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இழப்பு திட்டப்பிழையிலேயே தெரியும். சில வினாக்களைக் கூட்டினால் ஈடாகிவிடும். கசிவும் மிகைமதிப்பீடும் தரும் பிழையோ திட்டப்பிழையில் தென்படாது, வினாக்களைக் கூட்டினாலும் நீங்காது. ஆகவே தேர்வு அமைப்புகள் திட்டப்பிழையோடு ஒவ்வொரு வினாவும் எத்தனை பேருக்குத் தரப்பட்டது, அதன் கடினநிலை கடைசியாக எப்போது மறுகணிப்புச் செய்யப்பட்டது என்பவற்றையும் வினாவின் உள்ளடக்கத்தை வெளியிடாமலே அறிவிக்க வேண்டும்.