இறந்து பிறந்த குழந்தையும் பெற்றவளுக்கான கவனிப்பும்

காஞ்சிபுரம் வட்டார ஊர்களில் செத்துப் பிறந்த குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். கருமாதி கிடையாது, பெயரும் கிடையாது. ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விடுவார்கள். பெற்றவள் கண்ணில் காட்டாமல் இருப்பதே அவளுக்குச் செய்யும் நன்மை என்று பெரியவர்கள் நம்பினார்கள். புறநானூற்றின் 74ஆம் பாட்டு, குழந்தை இறந்து பிறந்தாலும் வாளால் வெட்டிப் புதைத்த மறக்குடி வழக்கத்தைச் சொல்கிறது. அங்கேயும் பேச்சு குலமானத்தைப் பற்றியது, தாயைப் பற்றியதல்ல. வயிற்றுப்பிள்ளையோடு இறந்தவளுக்காவது வழியோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள்: நட்டு நிறுத்திய இரண்டு கற்கள், மேலே தலைச்சுமையை இறக்கும் உயரத்தில் ஒரு பலகைக்கல். தாய் பிழைத்துப் பிள்ளை மட்டும் போனால் கல்லும் இல்லை.

உடம்புக்கான வைத்தியம் மட்டும் வீட்டிலேயே இருந்தது. பிள்ளை இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் பால் சுரந்து மார்பு கல்லாய்க் கட்டிக்கொள்ளும். அப்போது தொடுத்த மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடாமல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். ரத்தத்தில் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினைக் குறைப்பதில் மாத்திரை முந்தியது. பால்கட்டையும் வலியையும் தணிப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மாத்திரை சாப்பிட்ட சிலருக்குப் பால் மறுபடி சுரந்தது. இப்போது மருத்துவமனைகளில் பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரைதான்.

சட்டம் வேறு வழியாக வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டம், 26 வாரம் கடந்த பிரசவம் என்றால் குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் பேறுகாலம் என்றே கொண்டது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் இறந்து பிறந்ததைக் குழந்தை என்றே கணக்கில் எடுத்தது. 26 வாரத்துக்கு முன்பே கரு கலைந்தால் ஆறு வாரச் சம்பள விடுப்பு. 2017 திருத்தம் முழு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. உயிரோடு இரண்டு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்குப் பழைய 12 வாரமே தொடர்ந்தது. பிறப்பு இறப்புப் பதிவு விதியோ 28 வாரத்தை எல்லையாக வைத்தது. ஆகவே 27ஆம் வாரத்தில் இறந்து பிறந்த குழந்தை இ.எஸ்.ஐ.க்குப் பிரசவம், பதிவேட்டில் இடம் இல்லை.

ஆனால் சட்டம் எல்லோருக்கும் எட்டவில்லை. அதே காஞ்சிபுரம் வட்டாரத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை வயல்கள் ஆலைகளாயின. 2006இல் நோக்கியா வந்தது. மின்னணு ஆலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குச் சட்டம் சொல்வது கிடைக்க வழியுண்டு. ஒப்பந்தக்காரர் மாறி மாறி வேலைக்கு வைக்கும் பெண்ணுக்கு, இ.எஸ்.ஐ. கேட்கும் 70 நாள் சந்தா சேருவதே பாடு. சட்டப்படியான அப்ரண்டிஸ் அந்தத் திட்டத்துக்குள்ளேயே வருவதில்லை.

மனத்தைக் கவனிப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் வந்தது. குழந்தையைக் காட்டாமல் மறைப்பது துக்கம் ஆறாமல் தடுக்கிறது என்று 1970களில் லண்டன் மனநல மருத்துவர் இமானுவேல் லூயிஸ் எழுதினார். மெல்ல மெல்லப் பல நாடுகளில் தாய்க்கு விருப்பமிருந்தால் குழந்தையைக் கையில் கொடுப்பது, கால்தடம் எடுத்து வைப்பது வழக்கமாயின. இந்தியாவின் 2014 பச்சிளங்குழந்தைச் செயல்திட்டம், 2030க்குள் ஆயிரம் பிறப்புக்கு இறந்து பிறப்பதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. எண்ணுவதும் காரணம் தேடுவதும் அதனால் பெருகின. துக்கம் கேட்பது அவ்வளவு பெருகவில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலை ஒட்டி, சென்னையின் ஓர் அரசு மருத்துவமனையில் இறந்து பிறந்த குழந்தையை அட்டைப்பெட்டியில் வைத்துத் தகப்பனிடம் கொடுத்தது பெரிய கண்டனத்தைக் கிளப்பியது. பிணவறை ஊழியர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று அவருக்கு யாராவது பயிற்சி கொடுத்திருந்தார்களா என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2022 செப்டம்பரில் இந்த இழப்புக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 செயல்பாட்டுக்கு வந்தது. ஒரகடத்து வாடகை அறையில் தாயும் மாமியாரும் பக்கத்தில் இல்லாமல் பச்சை உடம்போடு கிடக்கும், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்கு, இந்த எண்ணில் இந்தியிலாவது ஒடியாவிலாவது பேச ஆள் கிடைக்கும். அவளிடம் எண்ணைச் சொல்லவேண்டியது டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுகிற செவிலியர்.