கியர் மாறும் சத்தம்

மலை ஏறுகிற லாரிக்கு ஒரு பாஷை உண்டு. கெங்குவார்பட்டிக்காரர்களுக்கு அந்தப் பாஷையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், அந்த ஊருக்குப் பக்கத்திலேதான் கொடைக்கானல் மலைப்பாதை பிரிகிறது. பிரிகிற இடத்துக்கே 'காட்ரோடு' என்று பெயர். காட்டுக்குப் போவதால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். 'காட்' என்பது மலைப்பாதையைக் குறிக்கும் வடக்கத்திச் சொல். வெள்ளைக்காரர் வாய் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. இரவு நேரத்தில் அங்கே திண்ணையில் படுத்திருப்பவர்களுக்கு, மலைமேல் முனகிக்கொண்டு போகிற வண்டி நிறைபாரமா, வெறும் வண்டியா, ஓட்டுகிறவன் பழையவனா, புதியவனா என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பாதைக்கே ஒரு கதை இருக்கிறது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்தக் காலத்தில் பெரியகுளத்துப் பக்கமிருந்து குதிரை மீதும், ஆட்கள் சுமக்கும் நாற்காலிகளிலும்தான் மேலே போகவேண்டும். மேஜர் லா என்ற அதிகாரி 1875-இல் வண்டிப்பாதை போட ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. சோற்றுக்கே இல்லாத நாட்டில் சாலைக்குப் பணம் ஏது? வேலை நின்றது. 1914-இல்தான் பாதை முடிந்தது. 1916-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம்! அதுவரை மனிதர் தோளில் இருந்த பாரம் எஞ்சின் தலையில் ஏறியது. எஞ்சின் அதை நேரே சுமப்பதில்லை. கியர்ப் பெட்டியின் தலையில் தள்ளிவிடுகிறது.

1890-களில் பாரிஸ் நகரத்து லெவஸார் மோட்டார் வண்டிக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சிறிதும் பெரிதுமான பல்சக்கரங்களை நகர்த்தி, ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிடும் வழி. சுழல்கிற இரண்டு சக்கரங்களின் வேகமும் ஒத்திருந்தால் பற்கள் கைகோத்துக் கொள்ளும். ஒத்திராவிட்டால் கடித்துக் கொள்ளும். வேகத்தை ஒக்க வைப்பது யார் வேலை? டிரைவரின் காதும் காலும் செய்யவேண்டிய வேலை அது. ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் டாட்டா-பென்ஸ் லாரிகளும், எண்ணூரில் லேலண்டு லாரிகளும் தயாராகி நம் சாலைகளை நிறைத்தன. அந்தக் காலத்து லாரி ஓட்டிகள் எல்லாருக்கும் 'டபுள் கிளச்' ஒரு சந்தியாவந்தனம் போல. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, எஞ்சினை ஓர் உறுமு உறும விட்டு, மறுபடி மிதித்துக் கீழ் கியரைப் போடவேண்டும். இத்தனையும் ஒரு மூச்சுக்குள்.

ஏறும்போது தவறினால் வண்டி நிற்கும். கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். இறங்கும்போது தவறினால்? கியர் விழாமல் நியூட்ரலில் உருளும் நிறைபார லாரியை பிரேக் எத்தனை வளைவுக்குத் தாங்கும்? ஏறின கியரிலேயே இறங்கு என்ற விதி இப்படிப் பிறந்ததுதான்.

காட்ரோட்டு டீக்கடையில் சந்தித்த ஒரு வயதான டிரைவரிடம், "கியர் மாற்றுவதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். "கத்துக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? வண்டி சொல்லும். நாம பேசாம இருந்தாக் கேக்கும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது, டீயில் கவனமாகிவிட்டார்.

காது செய்த அந்த வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்ததுதான் பின்னால் வந்த சரித்திரம். 1928-இல் காடிலாக் கார்களில், பற்கள் சேருமுன் வேகத்தை ஒக்க வைக்கும் ஏற்பாடு வந்தது. ஜெர்மானியரான ஃபாட்டிங்கர், கப்பல்களுக்காக, எண்ணெயின் வழியே சக்தியைக் கடத்தும் முறையை 1905-லேயே கண்டிருந்தார். அந்த எண்ணெய் வித்தையையும் பல்சக்கரங்களையும் இணைத்து, தானாகவே கியர் மாற்றும் பெட்டியை 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கிளச்சு மிதி போயிற்று. டபுள் கிளச்சும் போயிற்று. இனி டிரைவர் காதைப் பொத்திக்கொண்டே ஓட்டலாம் என்று தோன்றியது.

அப்படி இல்லை என்பதை அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை பேரனின் லாரி நிரூபித்தது. தானாகக் கியர் மாறும் பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கினான். ஒவ்வொரு கியர் மாறும்போதும் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி 'டங்'கென்று ஓர் அதிர்ச்சி! பட்டறையில் பார்த்தவர்கள், பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கவேண்டும் என்று, வண்டி விலையில் பாதியைக் கேட்டார்களாம்.

இந்தப் பெட்டியை ஓர் அரசனாக நினைத்துக் கொள்ளுங்கள். பாரம் அதிகமா குறைவா என்று அதற்கு நேரே தெரியாது. ஒற்றர் சொல்லித்தான் தெரியவேண்டும். சில வண்டிகளில் மிதியிலிருந்து போகும் ஒரு கேபிள்தான் ஒற்றன். வேறு சிலவற்றில் எஞ்சினின் உறிஞ்சும் சக்தி. பெட்ரோல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் இயற்கையாகவே உண்டு, டீசலில் இல்லை. ஆகையால் தனியே ஒரு வேக்குவம் பம்பு வைத்து, மிதியை அமுக்க அமுக்க உறிஞ்சல் குறையும்படி ஒரு வால்வும் பொருத்தி, ரப்பர் குழாய் வழியாகச் செய்தி அனுப்புகிறார்கள். வயதான குழாயில் வெடிப்பு விழுந்தால் உறிஞ்சல் குறைகிறது. 'முழுப் பாரம், மலை ஏறுகிறோம்!' என்று அரசனுக்குப் பொய்ச் செய்தி போகிறது. அவன் எண்ணெய் அழுத்தத்தையெல்லாம் திரட்டிக் கியரை ஓங்கி அறைகிறான். அரசன் பேரில் என்ன குற்றம்?

பையனுடைய வண்டியில் பென்சில் பருமனான குழாய் ஒன்று வெடித்திருந்தது. அதை மாற்றியதும் பெட்டி சாதுவாகிவிட்டது.

எல்லா வண்டிக்கும் அதே குழாய்தான் வியாதி என்று சொல்ல வரவில்லை. ஆனால் விசாரணைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எண்ணெய்: வண்டி சூடான பிறகு, சமதரையில், அந்த வண்டிக்குச் சொன்ன முறைப்படி அளவு பார்க்கவேண்டும். சிவப்பாக இருக்கவேண்டியது கறுத்துத் தீய்ந்த நாற்றம் வந்தால் உள்ளே தட்டுகள் கருகுகின்றன. எஞ்சின் சும்மா ஓடும் வேகம் அதிகமாக இருந்தாலும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்திருந்தாலும், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூட்டு தேய்ந்திருந்தாலும் அதே 'டங்' கேட்கும். அதற்குப் பிறகு பம்பு, குழாய், கேபிள். கேபிள் தளர்ந்த சில பெட்டிகளில் நேர்மாறான ஆபத்து: அழுத்தம் குறைந்து, கியர் பட்டுப்போல் வழுக்கி மாறும், ஓட்டுகிறவன் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே தட்டுகள் எரிந்துவிடும். பெட்டியைப் பிரிப்பது இவ்வளவுக்கும் பிறகுதான்.

நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்திசாலிகள் பாடுபட்டு, டிரைவரின் காதிலிருந்த ஞானத்தைப் பெட்டிக்குள் அடைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு நோய் கண்டபோதோ, மறுபடியும் ஒரு மனிதன் குனிந்து, பொறுமையாகக் காது கொடுக்க வேண்டியிருக்கிறது. காது கொடுக்காதவன் பாதி லாரியின் விலையைக் கொடுக்கிறான்.