சர்க்கரையைத் துறந்தவர்கள்

இனிப்பின் மீதான ஆசையை வெல்ல மனவுறுதி ஒன்றே போதும் என நாம் நம்புகிறோம். வரலாறு வேறொரு வழியையும் காட்டுகிறது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தேநீரில் கரைந்தது, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்த சர்க்கரை. 1791 ஏப்ரலில் அடிமை வணிக ஒழிப்புத் தீர்மானத்தை நாடாளுமன்றம் தோற்கடித்தது. அவ்வாண்டே வில்லியம் ஃபாக்ஸ் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை உண்ணும் குடும்பம் 21 மாதங்கள் அதைத் தவிர்த்தால், ஒரு மனிதர் அடிமையாவதோ கொலையுண்பதோ தடுக்கப்படும் என்பது அவர் கணக்கு.

ஏறத்தாழ 3 லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். நாடாளுமன்றத்தில் குரலற்ற பெண்கள் அடுக்களையில் தம் முடிவை எடுத்தனர். அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807இல்தான் வந்தது.

நாம் நம் உடலுக்கு அஞ்சிச் சர்க்கரையைக் குறைக்க முயல்கிறோம், பலமுறை தோற்கிறோம். அவர்களோ பிறர் உடல் படும் துயரை எண்ணித் துறந்தார்கள். அது எவர் உழைப்பில் விளைந்தது என்ற கேள்வியே அவர்களது பழக்கத்தை மாற்றியது என எண்ணுகிறோம்.