ஒரே உப்பு, இரண்டு பெட்டிகள்

செம்பூரின் அடுக்கக வீடுகள் பலவற்றில் தண்ணீருக்கென்று இரண்டு பெட்டிகள் உண்டு. குளியலறையை ஒட்டிய டக்ட் பக்கம் சாஃப்ட்னர். சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. இரண்டில் எது கோளாறானாலும் மெக்கானிக்குக்குப் போகும் புகார் ஒன்றுதான்: “தண்ணி உப்பா வருது, வந்து பாருங்க.” மும்பையில் அது பெரும்பாலும் இந்தியில் ‘காரா பானி’ என்று போய்ச் சேரும். மொழி மாறுகிறது, குழப்பம் அப்படியே இருக்கிறது.

தமிழில் உப்பு என்ற சொல் இங்கே மூன்று பொருள்களைச் சுமக்கிறது. சோப்பை நுரைக்க விடாத கால்சியமும் மக்னீசியமும் உப்பு. நாக்கில் கரிக்கும் மொத்தக் கரைபொருளும் உப்பு. சாஃப்ட்னர் தொட்டியில் கிலோக் கணக்கில் கொட்டுவதும் உப்பு. முதல் உப்பைத் தீர்க்க மூன்றாம் உப்பு மருந்தாகிறது. இரண்டாம் உப்பைத் தீர்க்க ஆர்.ஓ. வேண்டியிருக்கிறது. மராத்திப் பாடநூல்கள் கடின நீரைத் ‘துஷ்ஃபேன்’ என்கின்றன, அதாவது நுரைக்க மறுப்பது. அந்தப் பெயருக்குள்ளேயே சோதனை முறை அடங்கியிருக்கிறது. நம் பேச்சு வழக்கில் அந்தப் பிரிவு இல்லாததால், ஒரு பெட்டியின் நோயை மற்றொன்றின் அளவுகோலால் அளந்துவிடுகிறோம். இரண்டின் பழுதுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தப் பிரிவு தெளிவாகும். எதிர்பாராத ஓர் உறவும் தெரியவரும்.

பெட்டியைத் திறக்கும் முன் அதற்குள் போகும் நீரைக் கேட்க வேண்டும். மும்பை மாநகராட்சி தரும் நீர் விஹார், துளசி, தான்சா முதலிய ஏழு ஏரிகளிலிருந்து வருவது. பசால்ட் பாறை மேல் விழுந்த பருவமழை அதிகம் கரைக்காமல் வந்து தேங்குவதால் அது மென்னீர். அதே கட்டடத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீரும் அப்படியல்ல. கீழ்த்தொட்டியில் ஏரி நீரோடு இவையும் கலக்கின்றன. ஆகஸ்டில் ஏரி நீர் மிகுந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் டேங்கர் நீர் மிகும். எனவே பெட்டி அதேதான், அதற்குள் போகும் நீர் மாதத்துக்கு மாதம் வேறு.

இந்த மாற்றம் சாஃப்ட்னரை எப்படிப் பழுதானதுபோல் காட்டுகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். சாஃப்ட்னருக்குள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைப்பது ரெசின். 25 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று கொண்டால், ஒரு சுற்றில் 1,250 கிராம் பிடிக்கும். நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால் 5,000 லிட்டர் மென்னீர் கிடைக்கும். அதுவே 500 ஆனால் 2,500 லிட்டர்தான். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவின்படி நால்வர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர் செலவாகும். முன்னது ஒன்பது நாள் தாங்கும். பின்னது ஐந்து நாள்கூடத் தாங்காது. ரெசினை உப்புக் கரைசலால் மீட்கும் உப்புக் கழுவலை ஒன்பது நாளுக்கு ஒருமுறை என்று வைத்த வீட்டில், மே மாதத்தில் ஒவ்வொரு கழுவலுக்கும் பின் ஐந்தாம் நாளிலிருந்து தலைமுடி பிசுபிசுக்கும். அங்கே எந்தப் பாகமும் கெடவில்லை.

ஆர்.ஓ.விலும் இதே மாயம் வேறு வடிவில் நிகழ்கிறது. 90 சதவீதக் கரைபொருளைத் தடுக்கும் சவ்வு, லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரும்போது 40 தருகிறது. 1,200 வரும்போது 120 தருகிறது. மீட்டரில் மூன்று மடங்கு ஏறிய எண்ணைக் கண்டு சவ்வு போய்விட்டது என்று முடிவுகட்டுகிறோம். சவ்வு தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆக, சாஃப்ட்னரில் நாள்களை நீரின் கடினத்தன்மையோடு பொருத்திப் பார்க்க வேண்டும், ஆர்.ஓ.வில் வெளிவரும் எண்ணை உள்ளே போகும் எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

அளக்கும் கருவியில்தான் இரண்டும் முற்றிலும் பிரிகின்றன. பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் நீரின் மின்கடத்தலை அளந்து கரைபொருளின் அளவைச் சொல்கிறது. ஆர்.ஓ.வுக்கு அது நேர்மையான சாட்சி. சாஃப்ட்னருக்கோ பொய்ச்சாட்சி. சாஃப்ட்னர் எதையும் நீக்குவதில்லை, மாற்றுகிறது. கால்சியத்தின் 20 பங்கு எடைக்குச் சோடியத்தின் 23 பங்கு எடை வருகிறது; ஆகவே நன்றாக வேலை செய்யும் சாஃப்ட்னருக்குப் பின் கரைபொருள் சற்று ஏறவே செய்யும். மீட்டரைக் காட்டி “குறையவே இல்லை பாருங்க, ரெசின் மாத்தணும்” என்று சொல்பவர், நலமாக இருப்பவருக்கு அறுவைச் சிகிச்சை எழுதித் தருகிறார்.

சாஃப்ட்னருக்கு உரிய சாட்சி சொட்டுச் சோதனை. குறித்த அளவு நீரில் நிறங்காட்டியைக் கலந்து, திராட்சைச் சிவப்பு நீலமாகும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். சொட்டுகள் எத்தனை என்பதே கடினத்தன்மை. கிட் இல்லையென்றால் பாட்டிலில் பாதி நீர், துளி சோப்புக் கரைசல், நல்ல குலுக்கல் போதும். நுரை நின்றால் மென்னீர், வெண்திரள் மிதந்தால் கடின நீர். பருப்பு வேகும் நேரத்தைக் கொண்டே நம் அடுக்களைகள் இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. கால்சியம் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினை இறுக்குவதால்தான் கடின நீரில் துவரம்பருப்பு குழைய மறுக்கிறது. இந்தச் சோதனைகள் ஆர்.ஓ.வின் நலத்தை முழுதாகச் சொல்லமாட்டா. சோடியம் மிகுந்த நீரும் அருமையாக நுரைக்கும்.

சாட்சி சரியாக இருந்தாலும் இரண்டிலும் ஓர் ஒளிவிடம் உண்டு, அதுதான் கலப்பு. ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சிறு திருகு, சவ்வைத் தொடாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறது. சாஃப்ட்னரில் பைபாஸ் வால்வு முழுதாக மூடாமலோ, உள்ளே ஓ-ரிங் தேய்ந்தோ கடின நீர் ஒழுகிக் கலக்கிறது. முன்னது வேண்டுமென்றே வைத்தது, பின்னது வேண்டாத விபத்து. குழாயில் தெரியும் விளைவு மட்டும் ஒன்றுதான். திருகை மூடிவிட்டுச் சவ்வைச் சோதிக்க வேண்டும். சாஃப்ட்னரின் வெளிவாயில் நீரையும் வீட்டுக் குழாய் நீரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வெளிவாயிலில் மென்மையும் குழாயில் கடினமும் இருந்தால் ரெசின் குற்றமற்றது.

அடுத்த பொதுத்தன்மை அழுத்தம். சாஃப்ட்னரின் இன்ஜெக்டர் ஓடும் நீரின் வேகத்தால் உப்புக் கரைசலை உறிஞ்சுகிறது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மேல்தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடியில் மூன்று நான்கு மீட்டர்தான் கிடைக்கும். அரை பாருக்கும் குறைவு. உறிஞ்சுவதற்கு அது போதாது. முதல் மாடியில் ஒழுங்காக ஓடும் அதே கருவி ஏழாம் மாடியில் உப்பைத் தொடாமல் சுற்றை முடித்துவிடும். ஆர்.ஓ.வோ தன் அழுத்தத்தைத் தானே பூஸ்டர் பம்ப்பால் உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் பம்ப்புக்குள் நுழையும் நீர் மெலிந்தால் சுவிட்ச் அதை நிறுத்திவிடும். ஒன்று அழுத்தமின்றி உறிஞ்ச முடியாமல் தோற்கிறது, மற்றொன்று தள்ள முடியாமல் தோற்கிறது.

இப்போது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம். நல்ல நீர் வரும் வாயைப் பார்த்து மட்டும் இரண்டு பெட்டிகளின் நோயையும் அறிய முடியாது. கழிவும் கசடும் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உப்புக் கழுவல் நடக்கும்போது உப்புத் தொட்டியின் நீர்மட்டம் இறங்கினால் உறிஞ்சல் உண்டு. இறங்காவிட்டால் இன்ஜெக்டரில் அடைப்பு, குழாயில் காற்றுக் கசிவு, வடிகால் மடங்கல், அழுத்தக் குறைவு என வரிசையாகத் தேடலாம். ஆர்.ஓ.வில் பம்ப் ஓடும்போது கழிவுக் குழாயில் நீர் வராவிட்டால் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அடைத்திருக்கிறது. பம்ப் நின்ற பின்னும் வந்தால் சோலனாய்டு வால்வு மூடவில்லை. நம் சித்த மருத்துவர் நீர்க்குறி பார்ப்பதும் இதே நியாயத்தில்தான். உடல் வெளியேற்றுவதைப் பார்த்தே உள்ளே நடப்பதை அவர் அறிகிறார்.

ரெசின், சவ்வு என்ற இதயம் கெடுவது இரண்டிலும் அரிது. சில்லறை உறுப்புகளே முதலில் கெடுகின்றன. மும்பையின் மழைக்கால ஈரத்தில் தொட்டியின் உப்பு மேலே ஓடுபோல் இறுகி, கீழே வெற்றிடம் விழும். மேலிருந்து பார்த்தால் உப்பு நிறைந்திருக்கும். நீர் அதைத் தொடுவதில்லை. துடைப்பக் கட்டையால் ஒரு குத்து, உப்புப் பாலம் உடையும், பழுது தீரும். ஆர்.ஓ.வில் ரெஸ்ட்ரிக்டரின் நுண்துளையில் சுண்ணம் படியும்; கழிவு வெளியேறாமல் சவ்வின் மேலும் சுண்ணம் ஏறும். இரண்டுமே படிகம் வேண்டாத இடத்தில் கட்டிக்கொள்ளும் நோய்கள். ஒன்றில் மருந்தே உறைகிறது, மற்றொன்றில் நோயே உறைகிறது.

பிறப்புக் கதையிலும் ஒரு சமச்சீர் தெரிகிறது. 1850இல் இங்கிலாந்தில் தாம்ப்சனும் வேயும் வயல் மண் அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டு சுண்ணத்தை விடுவதைக் கண்டார்கள். சாஃப்ட்னரின் அடிப்படையான அயனிப் பரிமாற்றத்தின் அறிவியல் அங்கே தொடங்குகிறது. 1748இல் பிரான்சில் நோலே பன்றியின் சிறுநீர்ப்பை வழியே நீர் ஊடுருவுவதைக் கண்டார். ஆர்.ஓ.வின் வேரான சவ்வூடு பரவலின் கதை அங்கே தொடங்குகிறது. ஒன்று மண்ணில் பிறந்தது, மற்றொன்று விலங்கின் சவ்வில். 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் நடைமுறைக்கு உதவும் முதல் ஆர்.ஓ. சவ்வை உருவாக்கினார்கள். மும்பைக்கு இரண்டு மரபும் அந்நியமல்ல. 1964இல் தொடங்கிய அயான் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இந்நகரத்தில் தலைமையகம் கொண்டது. செம்பூரை அடுத்த டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது.

பெரிய வேற்றுமை ஒன்றையும் எடைபோட வேண்டும். ரெசின் மன்னிக்கும், சவ்வு மன்னிக்காது. களைத்த ரெசின் கல்லுப்புக் கரைசலில் குளித்து மீள்கிறது. இரும்புக் கறை படிந்ததும் அமிலக் கழுவலில் பெரும்பாலும் தேறும். கிழிந்த சவ்வை மாற்றத்தான் முடியும். குளோரின் ரெசினைப் பல ஆண்டுகளில் தளர்த்துகிறது, சவ்வை வெகு விரைவில் சிதைக்கிறது. அதனால் கார்பன் ஃபில்டரை மாற்ற மறந்தவர் சவ்வுக்குப் பணம் கட்டுகிறார். நீரை வீணாக்குவதிலும் இரண்டின் இயல்பு வேறு. சாஃப்ட்னர் கழுவல் நாளில் மட்டும் கழிக்கிறது, ஆர்.ஓ. குடிக்கும் ஒவ்வொரு குடத்துக்கும் அதைவிட அதிகமாகக் கழிக்கிறது.

ஆகவே பழுதுபார்ப்பதற்கும் முந்தைய கேள்வி, பெட்டி வேண்டுமா என்பது. மாதுங்காவில் ஏரி நீர் மட்டும் வரும் வீட்டுக்குச் சாஃப்ட்னரால் செய்ய வேலையில்லை. கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஆணையிட்டது. மும்பை ஏரி நீர் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஆய்வில் மும்பைக் குழாய் நீர் மாதிரிகள் பத்தும் தேறின. தாராவியில் சில மணி நேரமே குழாயில் நீர் வரும் சந்துகளில் கவலை வேறு. நீர் நின்றிருக்கும்போது குழாய் விரிசல் வழியே அழுக்கும் கிருமியும் நுழைகின்றன. சாஃப்ட்னர் அதைத் தொடாது, ஆர்.ஓ. கிருமியைத் தடுத்தாலும் அந்தச் சிறு வீட்டுக்குப் பெருஞ்செலவு. கொதிக்க வைத்த ஒரு குண்டான் நீர் அங்கே இரண்டு பெட்டிகளையும்விடப் பொருத்தமான பதில்.

டேங்கர் நீரை நம்பியிருக்கும் செம்பூர் வீட்டுக்கு மட்டும் இரண்டும் அருகருகே தேவைப்படலாம். அங்கே அவற்றின் கடைசி உறவு வெளிப்படுகிறது. சாஃப்ட்னரைக் கடந்த நீரை ஆர்.ஓ.வுக்கு விட்டால், சவ்வில் சுண்ணம் படிவதில்லை. சோடிய உப்புகள் எளிதில் கரைபவை, ஓடாக உறையாதவை. சாஃப்ட்னர் நீரில் சேர்த்த அந்தச் சோடியத்தின் பெரும்பகுதியைச் சவ்வு தடுத்துக் கழிவில் தள்ளிவிடுகிறது. முதலாவது இரண்டாவதன் ஆயுளைக் காக்கிறது. இரண்டாவது முதலாவது விட்ட குறையைத் தீர்க்கிறது. இனி “தண்ணி உப்பா வருது” என்று மெக்கானிக்கை அழைக்கும்போது, நுரைக்கவில்லையா, கரிக்கிறதா என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.