பியர்-டு-பியர் வீடியோ ஒளிபரப்பு

பார்ப்பவர்களின் கணினிகளே படத்தைத் துண்டு துண்டாகத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஒளிபரப்பு முறை. சர்வரிலிருந்து அனுப்பும் செலவு மிகுதியாக இருந்த 2000களில் செழித்தது; அந்தச் செலவு குறையக் குறையத் தளர்ந்தது.

1980களின் இறுதியில் ஸ்டீவ் டீரிங் வகுத்த ஐ.பி. மல்டிகாஸ்ட்டில், ரூட்டர்களே தரவை நகலெடுத்துப் பல திசைகளுக்கு அனுப்பும். இணையச் சேவை நிறுவனங்கள் அதைப் பரவலாக ஏற்கவில்லை. ரூட்டரின் வேலையைப் பயனரின் கணினிக்கு மாற்றிப் பார்த்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே 2000 வாக்கில் உருவான எண்ட் சிஸ்டம் மல்டிகாஸ்ட், கணினிகளை மரம்போல் அடுக்கியது. நடுவில் ஒருவர் விலகினால் அவருக்குக் கீழே உள்ளவர்களுக்குப் படம் அறுந்துவிடும். கடைசி வரிசையில் இருப்பவர்களின் பதிவேற்றத் திறனோ வீணாகவே கிடக்கும்.

2001இல் வந்த கோப்புப் பகிர்வு முறையான பிட்டாரண்ட்டுக்கு மரம் தேவைப்படவில்லை. ஆனால் அதில் துண்டுகள் முன்பின்னாக வரும். நேரலையில் தாமதமாக வந்த துண்டு குப்பைதான். 2004இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் வெளியிட்ட கூல்ஸ்ட்ரீமிங் இதற்கு வழி கண்டது. படம் ஒரு விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. கைவசமுள்ள துண்டுகள் எவை என்பதை ஒவ்வொரு கணினியும் 120 பிட் அட்டவணையில் எழுதி அண்டைக் கணினிகளுக்கு அனுப்பியது. எதை யாரிடம் கேட்பது என்பதை முடிவு செய்யும்போது நேரக்கெடுவும் கணக்கில் கொள்ளப்பட்டது. இத்துறையின் உண்மையான திருப்பம் இதுதான்.

சீனாவில் இந்த வழியில் பிபிலைவ், சாப்காஸ்ட் முதலியவை வளர்ந்தன. ஊகான் மாணவர்கள் தொடங்கிய பிபிலைவில், 2006 ஜனவரி 28 அன்று சீனப் புத்தாண்டுக் கலைவிழாவை ஒரே நேரத்தில் 2,00,000க்கும் மேற்பட்டோர் பார்த்தனர். இதன் குறை தாமதம்தான். தொலைக்காட்சியில் பார்க்கும் பக்கத்து வீட்டார் கோல் என்று கத்திய பிறகே இங்கே பந்து கோலை நோக்கி நகரும்.

மேற்கில் இது நிலைக்கவில்லை. ஸ்கைப்பை உருவாக்கிய சென்ஸ்ட்ரோமும் ஃப்ரீஸும் தொடங்கிய ஜூஸ்ட் என்ற வீடியோ சேவை, 2008இல் தனி மென்பொருளைக் கைவிட்டு இணையதளமாக மாறியது. பிபிசியின் ஐபிளேயரும் அதே ஆண்டில் பியர்-டு-பியரை விட்டது. வீடுகளின் ஏடிஎஸ்எல் இணைப்பில் பதிவேற்ற வேகம் சொற்பமாக இருந்தது. மறுபுறம், விநியோக சர்வர்களின் கட்டணம் ஆண்டுதோறும் சரிந்தது. 2014இல் புவெனஸ் அயர்ஸில் பிறந்த பாப்கார்ன் டைம், பிட்டாரண்ட் துண்டுகளை வரிசையாக இறக்கித் திருட்டுப் படங்களைக் காட்டியது. அதைத் தொடங்கியவர்களே சில நாட்களில் நிறுத்தினர்.

பிரான்சின் ஃப்ரமாசாஃப்ட் அமைப்பு 2018இல் பியர்டியூப் என்ற வீடியோ மென்பொருளின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. இதில் பிரவுசர்களே, தமக்குள் நேரடியாக இணைய உதவும் வெப்ஆர்டிசி வழியாகத் துண்டுகளைப் பகிர்கின்றன. ஒரே வீடியோவைப் பலர் ஒரே வேளையில் பார்த்தால்தான் அந்தப் பகிர்வால் பயன். மற்ற வேளைகளில் முழுச் சுமையும் சர்வர்மீதே.